குத்தகையா, வாரமா? பாங்கு வட்டியும் பங்கு ஈவும்

பெருந்துறை வட்டாரத்துக் குடியானவர் கையில் மொத்தமாகப் பணம் வந்து சேருவது அபூர்வம். மஞ்சள் நல்ல விலை போன ஆண்டில் வரும். தொழிற்பேட்டைக்கோ சாலைக்கோ மேட்டாங்காட்டில் ஒரு துண்டைக் கொடுத்தால் வரும். பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு, பெரியவர் பங்குக்கு நிலத்துக்குப் பதிலாக ரொக்கம் கொடுத்தாலும் வரும். பணம் வந்த மறுவாரமே, அதை எங்கே போடுவது என்று சொல்லித் தர வீட்டுக்கு ஆள் வருவதும் வழக்கம்.

இந்த வட்டாரம் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஈரோட்டுச் சந்தையில் 2010ஆம் ஆண்டு குவிண்டால் 16,000 ரூபாயைத் தாண்டிப் போன மஞ்சள், 2012இல் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அதே 2012 ஆகஸ்டில்தான் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு ஃபார்ம்ஸ் நிறுவனம் கவிழ்ந்தது. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சுகள். பராமரிப்புக்கென்று மாதம் 6,000 ரூபாய். முதலும் திரும்பக் கிடைக்கும் என்பது திட்டம். ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்றால் போட்ட முதலில் ஏறக்குறைய பாதி. எந்த வெள்ளாமையிலும் கிடைக்காத வருமானம் ஒரு கோழியில் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டவர் சிலரே. நிறுவனம் மூடிய பிறகு, கொட்டகைகளில் தீவனமின்றி நின்ற பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குகள் பதிவாயின. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் மாத வருமானத்துக்கு ஆசைப்பட்ட சாதாரணக் குடும்பத்தினர்.

இப்போது வருகிற யோசனை வேறு மாதிரியானது. ஈமுவைப் போல மோசடி அல்ல. சட்டப்படியான, ஒழுங்கான காரியம். பாங்கு வட்டியை நம்பி உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும், ஆண்டுதோறும் லாப ஈவு கொடுக்கும் நல்ல கம்பெனிப் பங்குகளை வாங்கி வைத்தால், வட்டிக்குப் பதில் ஈவு வரும், முதலும் வளரும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையையும் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குடியானவருக்கு வயது 63. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் இருக்கிறது. மேட்டில் இருந்த ஒன்றரை ஏக்கரை விற்றதில் கடன் போக 20 லட்சம் ரூபாய் நிற்கிறது. மனைவிக்கு மாதாமாதம் மருந்துச் செலவு. திருப்பூரில் வேலை பார்க்கும் மச்சினர் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து திண்ணையில் உட்காருகிறார்.

"ஏனுங்க மாமா, பாங்குல போட்டா பணம் தூங்குமுங்க. நல்ல கம்பெனி ஷேரா பாத்து வாங்கிப் போட்டீங்கன்னா வருஷா வருஷம் டிவிடெண்டு வருமுங்க. விலையும் ஏறுமுங்க."

"ஈமுக்காரனும் இதையேதான் சொன்னான் மாப்ளே."

மாப்பிள்ளை சொல்வதும் ஈமுக்காரர் சொன்னதும் ஒன்றல்ல. ஆனால் பெரியவரின் பயம் நியாயமானது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்ல முடியும்.

குத்தகையும் வாரமும்

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகை வந்தாக வேண்டும். வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு. நல்ல மழையில் குத்தகைத் தொகையைவிட அதிகம் வரும். பொய்த்த ஆண்டில் வைக்கோல்கூட வராது. பாங்கு டெபாசிட்டும் சர்க்கார் கடன் பத்திரமும் குத்தகை. வட்டி என்பது கடன். கொடுக்காவிட்டால் கேட்க வழியுண்டு. பங்கு ஈவு என்பது வாரம். லாபம் வந்தால், அந்த லாபத்தில் இவ்வளவு பிரித்துக் கொடுக்கலாம் என்று கம்பெனியின் இயக்குநர்கள் கருதினால் மட்டும் வரும். லாபம் வந்தும் கொடுக்காமல் புது மில் கட்டினாலும் பங்குதாரர் தடுக்க முடியாது.

வாரத்துக்கு விட்டவராவது அறுவடையன்று களத்துமேட்டில் போய் நிற்கலாம். பங்குதாரருக்கு அதுவும் இல்லை. இதை உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பச்சா குஸ்தார் என்ற அம்மையார், தாம் பங்கு வைத்திருந்த தேயிலைக் கம்பெனிகளின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானமாகக் கருதப்படுவதால், தமக்கு வந்த ஈவிலும் அந்த அளவுக்கு வருமான வரி கூடாது என்று வழக்காடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம், பங்குதாரருக்கு அல்ல. ஈவு அறிவிக்கப்பட்டால் அதைப் பெறும் உரிமைதான் அவருக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே சர்க்கரை ஆலைப் பங்கானாலும் தேயிலைப் பங்கானாலும், அதில் வரும் ஈவு விவசாய வருமானம் ஆகாது, வரிக்கணக்கில் சேரும்.

வட்டியில் உள்ள குறை

குத்தகையே மேல் என்று இத்துடன் முடித்துவிட முடியாது. குத்தகைத் தொகை பத்து ஆண்டு ஏறாமல் நின்றால் என்ன ஆகும் என்பது நிலம் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

ஒரு லட்சம் ரூபாயை 7 சதவீதத்துக்குப் போட்டவருக்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய். பத்து ஆண்டு கழித்தும் அதே 7,000 ரூபாய்தான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 2014-15இல் 167 ரூபாய். அன்று 7,000 ரூபாயில் 42 ஆள் கூலி அடங்கியது. 2024-25இல் அந்தக் கூலி 319 ரூபாய். அதே வட்டியில் 22 ஆள்தான். தோட்டத்தில் உண்மையில் கொடுக்கும் கூலி இதைவிட அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளுக்குள் தேய்கிறது, வண்டு விழுந்த தானியம் மாதிரி.

வட்டி விகிதமும் நிலையாக இருப்பதில்லை. கிசான் விகாஸ் பத்திரம் 1988ஆம் ஆண்டு வந்தபோது போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டித்தது. 2014இல் மறுபடி கொண்டுவந்தபோது நூறு மாதம் ஆயிற்று. 2020 ஏப்ரலில் 124 மாதம். 2023 ஏப்ரலில் 115 மாதம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் 2020 ஏப்ரலில் வட்டி 8.6 சதவீதத்திலிருந்து ஒரே அடியாக 7.4 சதவீதத்துக்கு இறங்கியது. ஏற்கெனவே போட்டவருக்கு ஐந்து ஆண்டுக்குப் பழைய வட்டியே கிடைத்தது. தவணை முடிந்து அந்த மாதம் புதுப்பிக்கப் போனவர்கள்தான் திகைத்தார்கள்.

ஈவு யோசனை பிறந்ததே இப்படி வட்டி இறங்கிய இடத்தில்தான். அமெரிக்காவில் 2020இல் பத்தாண்டு சர்க்கார் கடன் பத்திரத்தின் வருவாய் ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிற்று. பெரிய கம்பெனிகளின் ஈவு அதைவிட அதிகமாக இருந்தது. ஓய்வுபெற்றவர்கள் பத்திரத்தை விட்டுப் பங்குக்குத் திரும்பியதில் அங்கே அர்த்தம் இருந்தது. அந்த யோசனை கைபேசி வழியாகப் பெருந்துறைக்கு வந்து சேரும்போது ஒரு விஷயம் வழியிலேயே விழுந்துவிடுகிறது. நம் நாட்டில் கணக்கு நேர்மாறு. நிஃப்டி என்னும் ஐம்பது பெரிய கம்பெனிகளின் ஈவு, இன்றைய பங்கு விலையில் வாங்குகிறவருக்கு, அண்மை ஆண்டுகளில் சராசரியாக ஒன்றேகால், ஒன்றரை சதவீதத்தைச் சுற்றியே இருந்து வந்திருக்கிறது. டெபாசிட் வட்டி அதைவிட வெகு அதிகம். வருமானம் என்று மட்டும் பார்த்தால் முதல் ஆண்டில் பங்கு தோற்கும், சந்தேகமே இல்லை.

சதவீதத்தில் ஏமாறக் கூடாது

"300 சதவீத டிவிடெண்டு" என்று பத்திரிகையில் தலைப்பு வரும். படிப்பவர் ஒன்றுக்கு மூன்று என்று நினைத்துவிடுகிறார். அது பங்கின் முகமதிப்பில் சதவீதம். சந்தை விலையில் அல்ல. முகமதிப்பு 2 ரூபாய் உள்ள பங்குக்கு 300 சதவீதம் என்றால் 6 ரூபாய். அந்தப் பங்கைச் சந்தையில் 600 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு அது ஒரு சதவீதம்தான். எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் ஒரு பங்குக்கு எத்தனை ரூபாய், அந்தப் பங்கு என்ன விலை என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஈவு அறிவித்ததும் ஓடிப்போய் வாங்குவதும் வீண் வேலை. யார் பெயரில் பங்கு இருந்தால் ஈவு கிடைக்கும் என்று கம்பெனி ஒரு நாளைக் குறிக்கும். அந்த நாளில் ஈவுத் தொகை அளவுக்குப் பங்கின் விலை இறங்கித் தொடங்குவது இயல்பு. காய் பறித்த தென்னையை, காயோடு நின்ற தென்னையின் விலைக்கு யாரும் கேட்பதில்லை அல்லவா?

ஒரு முறை மிக அதிகமாக வந்த ஈவை நிரந்தரம் என்று நம்புவது இன்னொரு தவறு. வேதாந்தா கம்பெனி 2022-23ஆம் ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 101 ரூபாய் 50 காசு கொடுத்தது. அடுத்த ஆண்டு 29 ரூபாய் 50 காசு. முந்திய ஆண்டின் கணக்கைப் பார்த்துக் குடும்பச் செலவுக்குத் திட்டம் போட்டவர் நிலை என்ன ஆகியிருக்கும்?

இரண்டு கம்பெனிகளின் கணக்கு

இங்கே கம்பெனிகளின் பெயரைச் சொல்வது வாங்கச் சொல்லி அல்ல. நடந்த கணக்கைக் காட்டுவதற்கு மட்டும்.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் காகித ஆலை நடத்தும் ஐ.டி.சி. கம்பெனி, ஒழுங்காக ஈவு கொடுப்பதில் பெயர் பெற்றது. 2018 மார்ச்சில் அதன் பங்கு ஒன்று சுமார் 255 ரூபாய். ஒரு லட்சத்துக்கு 392 பங்குகள் வரும். அவ்வாண்டுக் கணக்குக்குப் பங்கு ஒன்றுக்கு 5 ரூபாய் 15 காசு ஈவு. ஆக 2,019 ரூபாய். அடுத்த ஆண்டு 5.75 ரூபாய். 2019-20இல் 10.15, பிறகு 10.75, 11.50, 15.50, 2023-24இல் 13.75 ரூபாய். இந்த ஏழு ஈவையும் கூட்டினால் சுமார் 28,400 ரூபாய். அதே ஒரு லட்சத்தை 6.75 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஏழு ஆண்டில் 47,250 ரூபாய் வந்திருக்கும். ஈவு வளர்ந்தது உண்மை. இரண்டரை மடங்குக்கு மேல் வளர்ந்தது. ஆனாலும் ஏழில் ஒரு முறைகூட டெபாசிட் வட்டியை அது எட்டவில்லை.

முதலின் கதை வேறு. 2024 மார்ச்சில் அந்தப் பங்கு சுமார் 428 ரூபாய். ஒரு லட்சம் 1,68,000 ரூபாய் ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்தால் பங்குதான் முன்னால். ஆனால் நடுவில் 2020 மார்ச்சு வந்தது. கொரோனா பயத்தில் பங்கு 170 ரூபாய்க்கு இறங்கியது. அன்று அந்த ஒரு லட்சத்தின் மதிப்பு 67,000 ரூபாய். அந்த மாதம் மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்து விற்க நேர்ந்தவருக்கு 2024ஆம் ஆண்டு விலையால் என்ன பயன்? விற்காமல் இருக்க முடிந்தவருக்கே பங்கு பலன் கொடுத்தது.

இரண்டாவது, கோல் இந்தியா. சர்க்கார் பெரும்பங்கு வைத்திருக்கும் நிலக்கரிக் கம்பெனி. 2010 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது விலை 245 ரூபாய். 2013-14ஆம் ஆண்டுக்கு 29 ரூபாய் ஈவு கொடுத்தது. 245 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது கிட்டத்தட்ட 12 சதவீதம். எந்தப் பாங்கும் கொடுக்காத வருமானம். அதை நம்பி இருந்தவருக்கு 2018-19இல் 13 ரூபாய் 10 காசு, 2019-20இல் 12 ரூபாய்தான் வந்தது. 2020 அக்டோபரில் பங்கின் விலையே 120 ரூபாய்க்குக் கீழே போயிற்று. வருமானமும் பாதிக்குக் கீழ், முதலும் பாதி. பிறகு நிலக்கரிக்குத் தேவை கூடி 2023-24இல் ஈவு 25 ரூபாய் 50 காசு ஆயிற்று, விலையும் ஏறியது. பத்து ஆண்டு பொறுத்தவருக்கு நட்டமில்லை. மாதச் செலவுக்கு இதையே நம்பியிருந்தவர் அந்த நடு ஆண்டுகளில் கடன் வாங்கியிருப்பார்.

கரூரில் நடந்தது

விலை இறங்கினால் மறுபடி ஏறும் என்ற நம்பிக்கையும் எல்லா இடத்திலும் செல்லாது. இதற்கு வடநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை; பக்கத்துக் கரூரே போதும்.

கரூர் வியாபாரிகள் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பாங்கில் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கணக்கு இருந்தது, பங்கும் இருந்தது. பல ஆண்டு ஈவு கொடுத்து வந்த பாங்கு அது. 2017இல் அதன் பங்கு 150 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுக்கு 2017 டிசம்பரில் பங்கு ஒன்று 122 ரூபாய் வீதம் புதுப் பங்குகள் கொடுத்தார்கள். நம்பிப் பணம் கட்டியவர் பலர். 2017-18இல் 585 கோடி ரூபாய் நட்டம். அடுத்த இரண்டு ஆண்டும் எண்ணூறு கோடிக்கு மேல் நட்டம். 2020 நவம்பர் 17 அன்று, கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். பாங்கின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு அது இணைக்கப்பட்டது.

டெபாசிட் போட்டிருந்த சுமார் 20 லட்சம் பேருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இணைப்புத் திட்டத்தின்படி பழைய பங்குகள் முழுவதும் ரத்தாயின. தாத்தா காலத்திலிருந்து பெட்டியில் இருந்த பங்குப் பத்திரம் வெறும் காகிதம் ஆயிற்று. ஒரே பாங்கு, ஒரே நாள். குத்தகைக்காரரும் வாரக்காரரும் எங்கே பிரிகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஒரு பாடம் கடன் பத்திரத்தைப் பற்றியும் உண்டு. அந்தப் பாங்கு வெளியிட்டிருந்த ஒரு வகைக் கடன் பத்திரம் 318 கோடி ரூபாய்க்கு இருந்தது. அதுவும் பங்கைப் போலவே முழுவதுமாக ரத்தாயிற்று. பத்திரம் என்று பெயர் இருந்தால் போதாது. யார் கொடுத்த பத்திரம், கஷ்டம் வந்தால் வரிசையில் எத்தனையாவது இடம் என்று கேட்க வேண்டும். சர்க்கார் பத்திரமும் அஞ்சலகமும் ஒரு வகை. பாங்கு டெபாசிட் இன்னொரு வகை. 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கில் ஐந்து லட்சம் ரூபாய் வரை இன்சூரன்சு உண்டு. தனியார் கம்பெனி டெபாசிட்டும் கடன் பத்திரமும் மூன்றாவது வகை. இரண்டு சதவீதம் வட்டி கூடுதல் என்பதற்காக முதல் வகையை விட்டு மூன்றாவதுக்குத் தாவியவர்கள் பட்ட பாடு தமிழ்நாட்டில் புதிதல்ல.

அதே கரூரில் 1916இல் தொடங்கிய கரூர் வைசியா பாங்கு நிலைத்து நிற்கிறது. 2020-21க்கு 50 காசு ஈவு கொடுத்த அது, 2023-24க்கு 2 ரூபாய் 40 காசு கொடுத்தது. இரண்டும் பழைய பாங்கு, இரண்டும் ஒரே ஊர். எது நிற்கும், எது விழும் என்று 2017இல் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்க முடியுமா? நல்ல பாங்குகளும் ஓர் ஆண்டு ஈவு கொடுக்க முடியாமல் போனதுண்டு. கொரோனா காலத்தில் 2019-20ஆம் ஆண்டு லாபத்திலிருந்து ஈவு கொடுக்கவே கூடாது என்று ரிசர்வ் பாங்கு எல்லாப் பாங்குகளுக்கும் உத்தரவு போட்டது. டெபாசிட் வட்டியை அப்படி யாரும் நிறுத்தவில்லை.

இருபது லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இனி வழி சொல்லலாம். மாதம் 10,000 ரூபாய் தவறாமல் வர வேண்டும் என்பது அவர் தேவை. அந்தத் தேவைக்குப் பங்கு உதவாது. 60 வயதைத் தாண்டியவர் ஆகையால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அவருக்குப் பொருந்தும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாகவும், ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகை 30 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. 15 லட்சத்தை அந்த வட்டிக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய் வரும். போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. புதிதாகப் போடுவோருக்கான விகிதத்தை சர்க்கார் காலாண்டுதோறும் அறிவிப்பதால், அஞ்சலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வயது குறைந்தவருக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டமும், ரிசர்வ் பாங்கின் ஏழாண்டு மாறும் வட்டிப் பத்திரமும் உண்டு.

மிச்சம் ஐந்து லட்சம். அதில் இரண்டு லட்சம், எந்த நேரமும் எடுக்கும்படி பாங்கில் இருக்க வேண்டும். போர்வெல் மோட்டார் எரிந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பங்கை விற்க ஓடக் கூடாது என்பதற்கு இது காவல்.

மூன்று லட்சம் நிற்கிறது. எட்டு, பத்து ஆண்டு கையை வைக்காமல் விட முடியும் என்றால் மட்டும் இது பங்குக்குப் போகலாம். தென்னம்பிள்ளை வைக்கிறவர் அடுத்த ஆண்டு காய் கேட்பதில்லை. ஒரே நாளில் மூன்று லட்சத்துக்கும் வாங்காமல் இரண்டு, மூன்று ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது மேல். ஒரே கம்பெனியிலும் ஒரே தொழிலிலும் போடக் கூடாது. பத்துக் கம்பெனி பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் பெரிய கம்பெனிகள் அனைத்தையும் சேர்த்து வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். அதில் ஈவு தனியாகக் கைக்கு வராவிட்டாலும் ஒரு கம்பெனி விழுந்தால் எல்லாம் போய்விடாது. ஆண்டுக்கு மூன்று சதவீதம் ஈவு வந்தாலும் இந்த மூன்று லட்சத்துக்கு 9,000 ரூபாய்தான். அதை வருமானமென்று எண்ணாமல், கூலியும் மருந்தும் விலையேறும் காலத்துக்கு விதைநெல் என்று வைத்துக்கொள்வதே பொருத்தம்.

கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சோதனை உண்டு. பத்து ஆண்டு ஈவுக் கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும். லாபத்தில் பாதியைக் கொடுத்து மீதியைத் தொழிலில் போடும் கம்பெனி வேறு. லாபத்துக்கு மேல் கொடுக்கும் கம்பெனி வேறு. பின்னது, விதைக்கு வைத்ததையும் அளந்து கொடுக்கும் வாரதாரரைப் போன்றது. விலை சரிந்ததால் ஈவு பத்து, பன்னிரண்டு சதவீதமாகத் தெரியும் பங்கைக் கண்டால் சந்தோஷப்படுவதற்கு முன், விலை ஏன் சரிந்தது என்று விசாரிக்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குப் பயிர்க்கடனோ நகைக்கடனோ வாங்கி, அதைப் பங்கில் போட்டால் வித்தியாசம் லாபம் என்று கணக்குச் சொல்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். பயிர்க்கடனுக்குத் தவணை நாள் உண்டு. பங்கு விலைக்கு அப்படி நாள் கிடையாது. 2020 மார்ச்சில் தவணை வந்திருந்தால் நகை ஏலத்துக்குப் போயிருக்கும்.

காகித வேலைகள்

பங்கு வாங்க டிமேட் கணக்கு வேண்டும். பாங்குக் கணக்கு, பான் அட்டை, ஆதார் இருந்தால் பெருந்துறையிலோ ஈரோட்டிலோ பாங்குகள் மூலமே தொடங்கலாம். கணக்கு பெரியவர் பெயரில் இருந்து, கைபேசியும் ரகசிய எண்ணும் மாப்பிள்ளையிடம் இருக்கக் கூடாது. சொந்தக்காரர் ஆயிற்றே என்று கூச்சப்படவும் கூடாது. தினமும் வாங்கி விற்கும் வியாபாரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. வாரிசு நியமனத்தை அன்றே எழுதிவிட வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் ஈவுக்கான வரி வாங்குகிறவர் தலையில் விழுகிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரு கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ஈவு வந்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்கார் வரி இல்லை என்றாலும், மற்ற வருமானம் வரம்பைத் தாண்டினால் அதற்கான வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பழைய வீடுகளின் மரப்பெட்டியில், பெரியவர்கள் மில்லிலும் பாங்கிலும் வாங்கிய காகிதப் பங்குப் பத்திரம் இன்னும் கிடைப்பதுண்டு. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை விற்று இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசு பெயருக்கு மாற்றலாம். டிமேட் கணக்குக்கும் கொண்டு வரலாம். ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவை வாங்காமல் விட்டிருந்தால் ஈவும் பங்கும் சேர்ந்து முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். போனாலும் உரிமை போய்விடுவதில்லை. வாரிசுச் சான்றும் பழைய பத்திரமும் வைத்து மனுச் செய்தால் திரும்பப் பெறலாம். பத்திரத்தின் மேல் கம்பெனி பெயரும் ஃபோலியோ எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த இரண்டையும் குறித்துக்கொண்டு கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டும்.